அம்மாவின் பழைய புடவைகள்: மடித்து வைப்பதா, போர்வையாக்குவதா?

வீட்டில் பெரியவர் ஒருவர் போய்ச் சேர்ந்த பிறகு இந்தக் கேள்வி வருகிறது. சில வீடுகளில் அதற்கு முன்பே, அம்மாவே பீரோ சாவியைக் கொடுத்து "இதையெல்லாம் நீயே பார்த்துக்கோ" என்று சொல்லும்போது வருகிறது. உள்ளே முப்பது நாற்பது புடவைகள். பாதியைக் கட்ட முடியாது, தூக்கிப் போடவும் மனசில்லை. மகள் எங்கேயோ பார்த்துவிட்டு, "துண்டுபோட்டு நினைவுப் போர்வை தைக்கலாம்" என்கிறாள். அத்தை, "பட்டுல போய்க் கத்தரி வைக்கிறதா?" என்று பதறுகிறார்.

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், மொத்தக் குவியலுக்கும் ஒரே பதிலைத் தேடுகிறார்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கட்டிய சுங்குடிக்கும், முகூர்த்தப் பட்டுக்கும், எண்பதுகளில் தவணைக்கு வாங்கிய நைலக்ஸ் என்ற நைலான் புடவைக்கும் ஒரே முடிவு பொருந்தாது. புடவை புடவையாகப் பிரித்துப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

துணி எது, எவ்வளவு பலம் மிச்சம்? சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி, தட்டில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு முடி கருகும் நாற்றத்தோடு சுருண்டு, விரலில் நசுக்கினால் பொடியாகும் கரியாகும். பாலியெஸ்டரும் நைலானும் உருகிக் கெட்டியான மணியாக உறையும். அடுத்தது பலம். பருத்தி நைந்தால் மெலிந்து, பார்த்த உடனே சொல்லிவிடும். பட்டு அப்படி இல்லை, உள்ளே இற்ற பிறகும் வெளியே பளபளவென்றே இருக்கும். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மடிப்புக் கோடுகளைப் பாருங்கள். கீறல் கீறலாக வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பட்டு போய்விட்டது. அதைப் போர்வையில் வைத்தால் ஒரு வருஷம் தாங்காது.

திரும்பிப் போக வழி இருக்கிறதா? நான் அதிக எடை கொடுப்பது இதற்குத்தான். துக்கம் இருக்கும் முதல் வருஷத்தில் எடுக்கிற முடிவு, ஐந்து வருஷம் கழித்து வேறு மாதிரித் தெரியலாம். மடித்து வைத்ததைப் பிறகு தைக்கலாம். தைத்ததைப் பிரிக்கலாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

யார் கையில் போகப் போகிறது? கனடாவில் வாஷிங் மெஷினும் டிரையரும் வைத்திருக்கும் மகளுக்கா, மதுரையில் கையால் அலசிக் காயப்போடும் தங்கைக்கா? துவைக்கத் தெரியாத கையில் கொடுத்த போர்வை, இரண்டாவது சலவையில் சாயம் இறங்கி நிற்கும்.

எத்தனை பேருக்குப் பங்கு? மூன்று பெண்கள், இரண்டு மருமகள்கள் என்றால் ஒரே ஒரு போர்வை பிரச்சினையைக் கிளப்பும். இதைத் தையலுக்கு உட்காருவதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

பெயர் தங்குமா? பேத்தி அந்தத் துணியைத் தொடும்போது, "இது ஆச்சி மாமாவுக்குப் பெண் பார்க்கப் போனபோது கட்டியது" என்று யாராவது சொல்ல வேண்டும், அல்லது துணியிலேயே எழுதியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் எந்த வழியில் போனாலும் பழைய துணிதான் மிஞ்சும்.

இந்த ஐந்தையும் வைத்து ஒரு பார்வை:

| வழி | எதற்கு ஏற்றது | திரும்ப முடியுமா | உழைப்பு | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| முழுசாக மடித்து வைப்பது | பலமான பட்டு, அபூர்வக் கைத்தறி | முடியும் | தைக்கும் வேலை இல்லை | ஆயுள் முழுக்கப் பராமரிப்பு, இடம் |
| வெட்டாமல் அடுக்கித் தைக்கும் போர்வை | மென்மையான பருத்தி | பெரும்பாலும் முடியும் | நாற்பது மணி நேரமும் அதற்கு மேலும் | நேரம், கை வலி |
| துண்டுபோட்டுத் தைக்கும் போர்வை | பல புடவை, பல பங்காளிகள், கிழிசல்கள் | முடியாது | மிக அதிகம் | மீந்த துணி, பஞ்சு, உள் துணி, சலவை |
| பாவாடை, ஃபிரேம், குஷன் உறை | நல்ல கரை, முந்தானை மட்டும் மிஞ்சியவை | முடியாது | குறைவு | சீக்கிரம் சிறிதாகும், வெளுக்கும் |
| சரிகைக்குப் போடுவது | இற்றுப்போன, அசல் சரிகைப் பட்டு | முடியவே முடியாது | இல்லை | துணியே போய்விடும் |

## முழுசாக மடித்து வைப்பது

செலவே இல்லாத வழி என்று நினைப்போம். உண்மையில் இது முடிவே இல்லாத வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். ஒரே கோட்டில் வருஷக்கணக்கில் மடிந்து கிடந்தால் சரிகை ஒடியும், பட்டு அந்தக் கோட்டிலேயே இற்றுப் பிளக்கும்.

பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். மல் துணி அல்லது துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டியில் சுற்றுங்கள். பருத்திப் புடவை என்றால் கஞ்சியை முழுக்க அலசி எடுத்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். கஞ்சி வாசம் இருக்கிற துணியை ராமபாணப் பூச்சி தேடி வரும். நாப்தலின் உருண்டை துணிமேல், முக்கியமாகச் சரிகைமேல், படக்கூடாது. வசம்பும் காய்ந்த வேப்பிலையும் சின்னத் துணி முடிச்சில் கட்டிப் போடலாம். கனமான பட்டுப் புடவையை ஹேங்கரில் வருஷக்கணக்கில் தொங்கவிடாதீர்கள். கரையின் கனமே உடல் துணியை இழுத்துக் கிழித்துவிடும். இடமிருந்தால், மடிப்பதைவிட அகலமான அட்டைக் குழாயில் மல் துணி சுற்றி, அதன்மேல் புடவையை உருட்டி வைப்பது நல்லது. அருங்காட்சியகங்களில் பழந்துணியை இப்படித்தான் பாதுகாக்கிறார்கள்.

கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு வேலை இரட்டிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் ஈரம் இறங்கும், சரிகை கறுக்கும்.

எப்போது இதுதான் சரி? முகூர்த்தப் புடவைக்கு. உடலும் கரையும் கோர்வையில் (இரண்டுக்கும் தனித்தனி நாடா ஓட்டி, நூலோடு நூல் கோத்து நெய்வது) சேர்ந்த பழைய காஞ்சிபுரம் பட்டுக்கு. கட்டம்போட்ட பழைய செட்டிநாட்டுக் கண்டாங்கிக்கு. (2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கண்டாங்கியைத் தேடி வாங்குகிறார்கள். பாட்டி கட்டிய முரட்டு நூல் கண்டாங்கி உங்களிடம் இருந்தால் அது வேறு ரகம், விடாதீர்கள்.) எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஒருத்தியாவது அதைக் கட்டுவாள் என்றால் மறுபேச்சே இல்லை. கட்டுகிற புடவையைவிட நல்ல நினைவுச்சின்னம் கிடையாது.

ஆனால் நாற்பதையும் இப்படி வைக்க முடியாது. மூன்று அல்லது நான்கு என்று வரம்பு வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதற்கு மேல் போனால் யாரும் திறக்காத பீரோ ஒன்றுதான் வீட்டில் நிற்கும்.

## வெட்டாமல் அடுக்கித் தைக்கும் போர்வை

பருத்திப் புடவைகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் போர்வை தைப்பது என்றாலே துண்டு வெட்டுவது என்று நினைத்துவிடுகிறார்கள்.

வங்காளத்தில் காந்தா என்பது இப்படிப் பிறந்ததுதான். நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நெடுக நூலோட்டம் போட்டுப் பிணைப்பார்கள். தைக்கும் நூலைக்கூடப் பழைய புடவைக் கரைகளிலிருந்து உருவி எடுத்தார்கள். பீகாரில் சுஜனி, மகாராஷ்டிரத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கவுதி என்று பெயர் மாறினாலும் பழம்புடவையை அடுக்கித் தைக்கும் அடிப்படை ஒன்றுதான். உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி என்ற சமூகத்துப் பெண்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர், பழம்புடவையை விரித்து அதன்மேல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒட்டுகள் வைத்துத் தைத்துக்கொண்டே போவார்கள். நான்கு மூலையிலும் மடித்த துண்டுகளால் பூ வைக்காமல் அவர்கள் போர்வையை முடிப்பதில்லை.

நமக்கும் இது அந்நியம் இல்லை. பாட்டியின் நூல் புடவையில் தூளி கட்டுகிறோம், பிறந்த குழந்தையைப் பழைய வேட்டியில் ஏந்துகிறோம். துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்திக்கு ஈடு புதுத்துணியில் கிடையாது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த விஷயம்.

கணக்கு எளிது. ஆறு கஜப் புடவை ஏறக்குறைய 5.5 மீட்டர் நீளம், 1.15 மீட்டர் அகலம். இரண்டு புடவையைக் கரையோடு கரை சேர்த்து நெடுகத் தைத்தால் 2.3 மீட்டர் அகலம் வரும். அதை நீளவாக்கில் மூன்றாக மடியுங்கள். 1.83 மீட்டருக்கு 2.3 மீட்டர், மூன்று அடுக்கு. ஒருவர் தாராளமாகப் போர்த்திக்கொள்ளலாம். கத்தரி ஒரு இடத்தில்கூடப் படவில்லை என்பதைக் கவனியுங்கள். முந்தானை மேல் அடுக்கில் வருகிற மாதிரி மடித்தால், அம்மா தோளில் கிடந்த அந்தப் பகுதி கண்ணெதிரே இருக்கும். கிழிசல் உள்ள பகுதி நடு அடுக்கில் போய் மறைந்துகொள்ளும்.

பஞ்சு வேண்டாம், உள் துணி வேண்டாம். மார்கழிப் பனிக்கும் ஏசி அறைக்கும் மூன்று அடுக்குப் பருத்தி போதும். கை சலவையில் சீக்கிரம் காயும்.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். வரிக்கு வரி ஒரு அங்குல இடைவெளி விட்டால் 1.83 மீட்டரில் எழுபத்து மூன்று வரி. வரிக்கு 2.3 மீட்டர் என்றால் மொத்தம் 168 மீட்டர் தையல். நிதானமாகத் தைப்பவர் மணிக்கு நாலைந்து மீட்டர் போவார். ஆக, நாற்பது மணி நேரம். காந்தா மாதிரி நெருக்கமாக, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வரி வேண்டுமென்றால் 420 மீட்டர். அது நூறு மணி நேர வேலை. தினமும் சாயங்காலம் அரை மணி என்றால் முதலாவதுக்கே இரண்டரை மாதம் பிடிக்கும். கழுத்து வலியும் பெருவிரல் வலியும் உள்ளவர்கள் இதை யோசித்துத் தொடங்க வேண்டும். ஒரு வழி இருக்கிறது: அக்காவும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து தைக்கலாம். தையல் சீராக வராது, வரவும் வேண்டாம். யார் கை எது என்று பின்னாளில் தெரிவது இந்தப் போர்வைக்கு அழகுதான்.

செய்முறையில் மூன்று விஷயம் முக்கியம். ஒன்று, சாயம். பழைய சிவப்பு, நீலச் சுங்குடிகளை நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். கறை ஏறினால் அந்தப் புடவையைத் தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் வெளிர் நிறப் புடவையோடு அதைச் சேர்க்காதீர்கள். இரண்டு, ஃபால்ஸ். அதைப் பிரித்து எடுத்துவிட வேண்டும், அது வேறு விதமாகச் சுருங்கி ஓரத்தை இழுக்கும். மூன்று, கச்சாத் தையல். தரையில் சமமாக விரித்து, சுருக்கம் நீவி, ஒரு ஜாண் இடைவெளியில் பெரிய பெரிய இழையாகக் கச்சா போட்டுக்கொண்ட பிறகுதான் உண்மையான தையல் தொடங்க வேண்டும். இதைத் தவிர்த்தால் பாதி வழியில் உள் அடுக்கு குமிழ் கட்டும்.

எங்கே இது தோற்கும்? பட்டில். பட்டு வழுக்கும், மூன்று அடுக்கும் ஒன்றோடொன்று நிற்காது, சரிகையில் ஊசி இறங்கினால் அதன் இழை அறுந்து முள்ளாக நிற்கும், போர்த்தினால் உடம்பைக் கீறும். நைலக்ஸ், பாலியெஸ்டரும் வேண்டாம், வியர்வையை உறிஞ்சாது. இருபது புடவை இருந்து எல்லாவற்றிலும் கொஞ்சம் வேண்டும் என்பவர்களுக்கும் இது கைகொடுக்காது. ஒரு போர்வைக்குள் இரண்டு புடவைதான் போகும், உள் அடுக்கில் ஒளித்து வைத்தால் மூன்று.

## துண்டுபோட்டுத் தைக்கும் போர்வை

படங்களில் பார்த்து எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். கட்டம் கட்டமாக ஒவ்வொரு புடவையும் தெரியும். ஒரே போர்வையில் ஒரு வாழ்க்கையே விரிந்து கிடக்கும். அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கத்தரி எடுக்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒற்றைக் கட்டிலுக்கு 1.5 மீட்டருக்கு 2.25 மீட்டர் போர்வை, 15 சென்டிமீட்டர் சதுரங்கள் என்றால் மொத்தம் 150 துண்டு. பத்துப் புடவை என்றால் புடவைக்குப் பதினைந்து. தையலுக்கு விடும் ஓரத்தையும் சேர்த்து ஒரு புடவையிலிருந்து போவது 0.4 சதுர மீட்டர். ஒரு புடவையின் மொத்தப் பரப்பு 6.3 சதுர மீட்டர். பத்துப் புடவையையும் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஆறு சதவீதம்தான் பயன்பட்டிருக்கிறது! மிச்சம் தொண்ணூற்று நாலு சதவீதம் ஓட்டை விழுந்த துணியாக மூட்டையில் கிடக்கும். அத்தை பதறியது இதற்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு இரண்டு விடை உண்டு. ஒன்று, ஏற்கெனவே கிழிந்த, கறைபட்ட புடவைகளை மட்டும் எடுப்பது. நல்ல நிலையில் உள்ளவற்றில் கை வைக்காமல், உள்கொசுவத்துப் பக்கத்திலிருந்து ஒரு முழம் மட்டும் குறுக்கே வெட்டி எடுப்பது. மிச்சம் ஐந்து மீட்டரையும் கட்டவே கட்டலாம். இரண்டாவது விடை, பங்காளிகள் அதிகமான வீட்டுக்கு. ஒரு போர்வைக்கு வெட்டுகிற அதே நேரத்தில் நாலு போர்வைக்கு வெட்டிவிடுங்கள். அக்காவுக்கும் தம்பிக்கும் அத்தைக்கும் ஒரே புடவைகள், ஒவ்வொருவருக்கும் ஒரு போர்வை. யாருக்கு முகூர்த்தப் பட்டு போனது என்ற மனஸ்தாபம் இதில் வராது. துண்டுப் போர்வை மற்ற எல்லா வழியையும் ஜெயிப்பது இந்த ஒரு சூழலில்தான், அங்கே அது நிச்சயமாக ஜெயிக்கிறது.

சின்னச் சின்னச் சதுரமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பழைய வேலை உடுப்புகளில் போர்வை தைத்து வந்திருக்கிறார்கள். மிசூரி பெட்வே என்பவர் 1942-ல், கணவர் இறந்த பிறகு, அவர் வயலுக்குப் போட்டுப்போன உடுப்புகளை வைத்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ள, அன்புக்காக அதைப் போர்த்திக்கொள்ள என்று அவர் சொன்னதாக மகள் பின்னாளில் சொன்னார். 2002-ல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அந்த ஊர்ப் போர்வைகள் அருங்காட்சியகச் சுவர்களில் தொங்கின. அவற்றைப் பார்த்தால் நம் வேலைக்கு ஒன்று கற்றுக்கொள்ளலாம். துண்டுகள் பெரியவை, பட்டை பட்டையானவை. வெளுத்த இடம் வெளுத்தபடியே, தேய்ந்த இடம் தேய்ந்தபடியே இருக்கும். நம் புடவைக்கும் அதே மாதிரி செய்யலாம். ஒரு முழ அகலப் பட்டைகளாக, கரையோடு சேர்த்து எடுங்கள். பதினைந்து சென்டிமீட்டர் சதுரத்தில் அந்தப் புடவையின் கட்டமோ மயிலோ முழுசாகத் தெரியாது. பட்டையில் அந்தப் புடவையையே அடையாளம் காணலாம்.

பட்டுப் புடவையைச் சேர்த்தால் செலவு ஏறும். மெலிந்த பட்டுக்குப் பின்னால் இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் மெல்லிய துணியை ஒட்டிய பிறகே வெட்ட வேண்டும், இல்லையென்றால் ஓரம் உதிரும். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் சேரும் கோட்டை ஒட்டி வெட்டாதீர்கள், நூல் உருவிக்கொண்டு வந்துவிடும். பட்டும் பருத்தியும் கலந்தால் சுருங்கும் அளவு வேறுபடும், அதனால் அந்தப் போர்வை வாழ்நாள் முழுக்க டிரை கிளீனிங்குக்குத்தான் போக வேண்டும். அதன் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்புறம் உள்ளே வைக்கும் பஞ்சு, அடித்துணி, ஓரப்பட்டி. பஞ்சில் பாலியெஸ்டர் லேசானது, துவைக்க எளிது, ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஆகாது. பருத்திப் பஞ்சு குளிர்ச்சி, ஆனால் நனைந்தால் கனக்கும், காய இரண்டு நாள் ஆகும்.

தையல்காரரிடம் கொடுப்பதென்றால் முதலில் ஒரு சின்ன விரிப்பைத் தைத்து வாங்கிப் பாருங்கள். ரவிக்கை அருமையாகத் தைப்பவருக்கு மூன்று அடுக்கை நகராமல் தைக்கும் பழக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை.

## பாவாடை, ஃபிரேம், குஷன் உறை

பட்டுப்பாவாடை நம் வீடுகளின் பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. உள்பக்கம் இரண்டு மூன்று டக் பிடித்துத் தைத்தால், குழந்தை வளர வளரப் பிரித்துவிட்டு நாலைந்து வருஷம் போடலாம். பாட்டி உயிரோடு இருந்து, பேத்தி அதைப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்ப்பார் என்றால் வேறு எந்த வழியையும் யோசிக்க வேண்டாம்.

இற்றுப்போன பட்டில் முந்தானை மட்டும் பிழைத்திருந்தால் ஃபிரேம் போடலாம். வெயில் விழாத சுவராகப் பாருங்கள், பட்டு வெளிச்சத்தில் வெளுத்து நொறுங்கும். கண்ணாடி துணியைத் தொடாமல் இடைவெளி இருக்க வேண்டும். துணியைப் பசையால் ஒட்டாமல், பின்துணியில் சின்னத் தையலால் பிடிக்கச் சொல்லுங்கள். குஷன் உறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தலை எண்ணெயும் முதுகு உரசலும் பட்டு, இரண்டே வருஷத்தில் போய்விடும்.

## சரிகைக்குப் போடுவது

பழைய பட்டுப் புடவையை வாங்குபவர்கள் அதிலுள்ள வெள்ளிக்காகத்தான் வாங்குகிறார்கள். அசல் சரிகை என்பது பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. மேலே லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்பு இழை தெரிந்தால் அசலாக இருக்க வாய்ப்பு அதிகம். செம்பும் பிளாஸ்டிக் இழையும் கலந்த சரிகைக்கு ஒன்றும் தேறாது. இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். வீட்டில் பணத்தேவை இருந்தால் இதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை, அம்மா அந்தப் புடவையை வாங்கியபோதே "ஆபத்துக்கு உதவும்" என்றுதான் வாங்கியிருப்பார். கொடுக்கும் முன் சரிகை இல்லாத உடல் துணியில் ஒரு முழம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அவர்கள் விலை குறைப்பதில்லை.

## எந்த வழியானாலும் முதலில் செய்ய வேண்டியது

ஒவ்வொரு புடவையையும் பகல் வெளிச்சத்தில் விரித்து மூன்று படம் எடுங்கள்: முழுசாக, முந்தானை, கரை. அம்மாவோ சித்தியோ இருக்கிறார்கள் என்றால் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். எங்கே வாங்கியது, யார் கொடுத்தது, என்ன விலை, எதற்குக் கட்டியது. துணியைக் கையில் பிடித்ததும் வருகிற பேச்சு, சும்மா கேட்டால் வராது. பிறகு பழைய ஆல்பத்தில் அந்தப் புடவையோடு அவர் நிற்கும் படத்தைத் தேடிச் சேருங்கள்.

தைத்து முடித்ததும் மூலையில் ஒரு வெள்ளை நாடாவில் பெயரும் ஆண்டும் நூலால் தைத்துப் போடுங்கள். பேனா மை சலவையில் போய்விடும்.

குழந்தைக்கான போர்வை என்றால் ஒரு எச்சரிக்கை. நாப்தலின் போட்ட பெட்டியில் இருந்த துணியைத் துவைத்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, வாசனை முழுக்கப் போன பிறகே குழந்தைமேல் படவிட வேண்டும். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள கைக்குழந்தைகளுக்கு நாப்தலினால் ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம், பிறந்த குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருப்பது பல நேரம் வீட்டுக்குத் தெரியாது. ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தைமேல் தளர்வான போர்வை எதையும் போடக்கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். விழித்திருக்கும்போது தரையில் விரித்து, பக்கத்தில் நீங்கள் இருந்து, அதன்மேல் தவழ விடுங்கள்.

## யாருக்கு எது?

அம்மா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்றால், படம் எடுத்து, அலசி, மல் துணியில் சுற்றி வையுங்கள். இப்போதைக்கு அவ்வளவுதான். கையில் ஏதாவது வேலை இருந்தால் ஆறுதல் என்று தோன்றினால், இரண்டு நூல் புடவையை எடுத்து அடுக்கித் தையுங்கள். பிறகு மனசு மாறினாலும் நூலைப் பிரித்தால் புடவை புடவையாகத் திரும்பி வரும், ஊசித் துளைகளும் பருத்தியில் இரண்டு சலவையில் பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

பிள்ளைகள் நாலைந்து பேர், ஆளுக்கொரு ஊர் என்றால் துண்டுப் போர்வைகள். பருத்தியை மட்டும் எடுங்கள், வெளிநாட்டு வாஷிங் மெஷினையும் அது தாங்கும். பெண் பிள்ளைக்குக் கல்யாணம் நெருங்குகிறது என்றால் நல்ல பட்டுகளில் எதையும் தொடாதீர்கள், அவளைக் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நைலக்ஸ், பூனம் போன்ற செயற்கை இழைப் புடவைகள்தான் குவியலில் பாதி என்றால் அவற்றைப் போர்வையில் சேர்க்காமல், படம் எடுத்துவிட்டு, பிடித்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கட்டக்கூடியவற்றைத் தேவைப்படுபவர்களுக்குக் கொடுங்கள். சில வீடுகளில் இறந்தவர் துணியைப் பிறருக்குக் கொடுப்பதில் மனத்தடை இருக்கும். பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு செய்தால் பின்னால் பேச்சு வராது.

தைக்கத் தீர்மானித்தவர்கள் தை, மாசியில் தொடங்குவது வசதி. அலசிய புடவை ஒரே நாளில் காயும், கை வியர்த்து ஊசி வழுக்காது, மடியில் மூன்று அடுக்குத் துணி கிடந்தாலும் புழுங்காது. பங்குனி பிறந்த பிறகு மின்விசிறிக்கடியில்கூட அந்தக் கனத்தை மடியில் வைத்துத் தைப்பது கஷ்டம், பாதியில் நின்ற வேலை அடுத்த மார்கழிவரை பெட்டிக்குள்ளேயே கிடந்துவிடும்.